ஆகாயக் கணக்கும் சாலைக் கணக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகர் ஜில்லா வத்திராயிருப்புத் தாலுகாவில் உள்ள கூமாப்பட்டி என்னும் ஊர், 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் திடீரென்று தமிழ்நாடு முழுவதும் பேசப்படும் பெயராகிவிட்டது. அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் நீர்நிலைகளையும் தோப்புகளையும் காட்டி, எல்லோரும் வந்து பாருங்கள் என்று அழைத்துக் கைபேசியில் படம் பிடித்து வெளியிட்டார். சில தினங்களுக்குள் கணக்கற்ற பேர் அதைப் பார்த்தனர். பார்த்தவர்கள் அடுத்தபடியாகக் கேட்ட கேள்வி ஒன்றே: கூமாப்பட்டி எவ்வளவு தூரம்?

இக்காலத்தில் இந்தக் கேள்விக்கு நொடிப்பொழுதில் விடை கிடைத்துவிடுகிறது. சென்னையிலிருந்து நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 465 கிலோமீட்டர். சாலை வழியே சென்றால் ஏறக்குறைய 530 கிலோமீட்டர். முன்னது ஆகாயக் கணக்கு. பின்னது சாலைக் கணக்கு. இரண்டும் சரியான கணக்குகளே. ஆயினும் பிரயாணம் செய்ய வேண்டியவனுக்கு இரண்டும் போதாத கணக்குகள். கூமாப்பட்டியில் ஆகாய விமானம் இறங்குவதில்லை; சென்னையில் புறப்படும் மோட்டார் வண்டி எங்கும் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடிக் கூமாப்பட்டியை அடைவதும் இல்லை. மனிதன் கடப்பது கிலோமீட்டரை அல்ல, நேரத்தை. காத்திருக்கும் நேரமும் வண்டி மாறும் நேரமும் அவனுடைய தூரத்தில் சேர்ந்தவைதாம்.

இது புதிய தத்துவமன்று. நம் முன்னோர் தூரத்தை நேரத்தால் அளந்தவர்கள். அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், ஒரு நாழிகை வழி, இரண்டு நாழிகை வழி என்பார்கள். அதற்கும் குறைவானால் கூப்பிடு தூரம் என்பார்கள். கூப்பிட்ட குரல் கேட்டு ஆள் வந்து சேரக்கூடிய தூரம் என்பது அதன் பொருள். அளவுகோலைப் பார்க்காமல் மனிதனைப் பார்த்துச் செய்த கணக்கு அது. தேசத்தின் போக்குவரத்துக்கென்று பெருந்தொகைகள் செலவிடப்படும் இந்நாளில், அப்பழைய கணக்கை நாம் மறுபடியும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. தூரத்தைக் குறைக்கிறோம் என்று சர்க்கார்கள் சொல்லும்போது, யாருடைய தூரத்தை, எத்தனை நாழிகை குறைத்தீர்கள் என்று கேட்பது பிரஜைகளின் கடமை.

மலை போடும் கணக்கு

ஆகாயத் தூரத்துக்கும் சாலைத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் 417 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலையில் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். பத்துக்கு ஒரு பங்குதான் அதிகம். சமவெளியில் சாலை வளைந்தாலும் சிறிதே வளையும்; ஆறு குறுக்கிட்டால் பாலம் கட்டி அப்பால் போய்விடலாம்.

கூமாப்பட்டியில் நின்று கிழக்கே பார்த்தால் இந்தக் கணக்கு செல்லும். மேற்கே திரும்பினால் செல்லாது. அங்கிருந்து குமுளிக்கு நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் சாலை வழியே செல்பவர் வடக்கே பேரையூர், உசிலம்பட்டி சென்று, மேற்கே தேனிக்குத் திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து குமுளியை அடைய வேண்டும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சபரிமலை நேர்கோட்டில் சுமார் அறுபது கிலோமீட்டர். ஆனால் கூமாப்பட்டி ஐயப்ப பக்தர் தெற்கே ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் மலையைக் கடந்து, புனலூர் வழியே சுற்றி வந்தால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வடக்கே குமுளி, தெற்கே செங்கோட்டைப் பகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே மலை மதிலாக நிற்கிறது. அம்மதிலின் கீழே இருப்பதுதான் கூமாப்பட்டி.

மதிலுக்கு அப்பால் வடமேற்கே வைகை பிறக்கும் வருசநாடு இருக்கிறது. ஆகாய வழியில் அதுவும் மிகக் கிட்டத்தில் உள்ளதுதான். சதுரகிரி மகாலிங்கத்தைத் தரிசிக்க இப்பக்கம் தாணிப்பாறையிலிருந்து ஜனங்கள் மலையேறுவதுபோல, அப்பக்கத்திலிருந்தும் கால்வழியாக ஏறி வருகிறார்கள். ஒரே சந்நிதியில் நிற்கும் இவ்விரு பக்கத்தாரும், கீழே இறங்கியபின் ஒருவர் ஊருக்கு மற்றொருவர் வண்டியில் செல்வதானால் மலையைச் சுற்றிக்கொண்டுதான் செல்ல வேண்டும். ஆகவே வருசநாட்டையும் வத்திராயிருப்புப் பக்கத்தையும் மலை வழியே சாலையால் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்து வருவதில் ஆச்சரியமில்லை.

இக்கோரிக்கையைக் கேலி செய்வது அறியாமை. ஆராயாமல் ஆதரிப்பதும் அறியாமையே. அம்மலை வெறும் தடையன்று. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. புலிக்கும் அணிலுக்கும் இருக்கும் உரிமை ஒருபுறம் இருக்கட்டும். குடியானவனின் கண்கொண்டே பார்ப்போம். கூமாப்பட்டியை உலகத்துக்குக் காட்டிய பசுமை அம்மலையின் கொடை. அங்கே பெய்யும் மழைதான் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளையும் நிரப்பி, கண்மாய் கண்மாயாக இறங்கி, வத்திராயிருப்பு வட்டாரத்து நெல்லையும் தென்னையையும் காப்பாற்றுகிறது. பக்கத்து ஊரை ஒரு மணி கிட்டத்தில் கொண்டுவந்து, மழையைத் தூரத்தில் தள்ளிவிடும் சாலை லாபமாகாது. எந்த மலைச்சாலையானாலும் மிச்சமாகும் நாழிகையை மட்டும் எண்ணாமல், இழக்கப்போகும் நீரையும் எண்ணியபின் தீர்மானிப்பதே விவேகம். அதுவரையில் இப்போதிருக்கும் சுற்றுவழிகளைச் செப்பனிட்டு, அவற்றில் நேரான பஸ்களை விடுவதற்கு எந்தக் காட்டுச் சட்டமும் தடையாக நிற்கவில்லை.

வேகம் வளர்ந்த வரலாறு

மாட்டுவண்டிக் காலத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வழி நடப்பவர் நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் சென்றால் அது நல்ல பிரயாணம். அக்கணக்கில் பதினைந்து நாளுக்குக் குறையாது. 1875-இல் ரயில் மதுரையை எட்டியது. பதினைந்து நாள் ஒரே நாளுக்குள் அடங்கியது. அதற்குப் பிறகு இத்தனை வருஷங்களில் வந்த எந்தச் சாதனமும் அவ்வளவு பெரிய மாறுதலை உண்டாக்கவில்லை என்பதை விமானத்தைக் கண்டு வியப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் மதுரைக்கு ரயில் வந்ததனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் வந்துவிடவில்லை. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டு முடித்தது 1927-இல். மதுரைக்காரனுக்குக் கிடைத்த சௌகரியம் இப்பகுதிக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கூமாப்பட்டிக்காரனுக்கோ இன்றைக்கும் ரயில் என்றால் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்தான்.

ஆகாயப் போக்குவரத்தின் கதையும் அப்படியே. 1911-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ஆம் தேதி அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை ஒரு விமானம் சுமந்து சென்றது. விமானத் தபாலின் சரித்திரம் அந்தச் சிறு பறத்தலிலிருந்தே தொடங்குகிறது. கடந்த தூரம் ஏறத்தாழ பத்தே கிலோமீட்டர். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்புக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அது பெரிதல்ல! பிறகு 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் தாமே விமானத்தைச் செலுத்தி ஆமதாபாத் வழியாகப் பம்பாயில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இவ்வாறு கடிதத்துக்குக் கிடைத்த வேகம் பின்னர் மனிதனுக்கும் கிடைத்தது. இன்று சென்னையில் புறப்படும் விமானம் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிஷத்தில் மதுரையில் இறங்கிவிடுகிறது.

ஆறு மணி நேரத்தின் விவரம்

இங்கேதான் வாசகர்கள் நம்மோடு சேர்ந்து சற்றுப் பொறுமையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூமாப்பட்டியில் இருக்கும் ஒருவர் விமானத்தில் சென்னை போக விரும்புகிறார். அவரிடம் சொந்த மோட்டார் வண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வத்திராயிருப்பைக் கடந்து, கிருஷ்ணன்கோவிலில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை விமான நிலையம் சேர ஏறத்தாழ 80 கிலோமீட்டர்; நேரம் இரண்டு மணி. விமானம் புறப்படுவதற்கு ஒன்றேகால் மணியாவது முன்னதாக அங்கே இருக்க வேண்டும்; சோதனைகள் அப்படி. வானத்தில் ஒரு மணி இருபது நிமிஷம். இறங்கி, மூட்டையை வாங்கி, வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து பட்டணத்துக்குள் போகவேண்டிய இடத்துக்கு முக்கால் மணி. கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷமே குறைவு. நாழிகைக் கணக்கில் பதினைந்து நாழிகை. அதில் விமானம் பறந்த நேரம் மூன்றே கால் நாழிகை சொச்சம். பாக்கி முழுவதும் தரையில் கழிந்தது.

சொந்த வண்டி இல்லாதவர் நிலை என்ன? ஊரில் பஸ் ஏறி, நெடுஞ்சாலையில் மாறி, திருமங்கலத்திலோ மதுரையிலோ மறுபடியும் மாறி விமான நிலையம் செல்ல மூன்றரை மணி ஆகும். ஒரு பஸ் தவறினால் விமானமே தவறிவிடும் என்ற அச்சத்தினால் இன்னும் ஒரு மணி முன்னதாகவே புறப்படுவார். மொத்தம் எட்டு மணியைத் தாண்டிவிடும். மேலே சாண் ஏறினால் கீழே முழம் சறுக்குகிறது.

இப்போது ரயிலை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத் ரயில் சென்னையிலிருந்து மதுரையை ஆறு மணி நேரத்துக்குள் அடைகிறது, விருதுநகரிலும் நிற்கிறது. விருதுநகரிலிருந்து கூமாப்பட்டி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஆக மொத்தம் எட்டு மணிக்குள் அடங்கும். மாலையிலோ இரவிலோ எழும்பூரில் ஏறி உறங்கிவிட்டு, விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும் ரயிலும் இருக்கிறது. அது பத்து மணி நேரம் ஓடினாலும், பகலில் ஒரு நிமிஷத்தையும் அது எடுத்துக்கொள்வதில்லை என்பதால் வேலைக்காரனுக்கு அதுவே மிகக் குறுகிய வழி. முழுவதும் சாலை வழியாக வருவதானால் பத்து மணிக்குக் குறையாது.

இக்கணக்கிலிருந்து தெரிவது என்ன? விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஓர் அதிசய யந்திரம் நாளைக்கே வந்துவிட்டாலும், ஓடுதளத்தில் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் போக, நமது பிரயாணிக்கு அரை மணிக்கு மேல் மிச்சமாவது துர்லபம். ஆனால் கூமாப்பட்டியிலிருந்து வரும் பஸ், நெடுஞ்சாலையில் காத்திராமல் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும்படி நேரங்களைச் சீராக அமைத்தாலே ஒரு மணிக்கு மேல் மிச்சமாகும். அதிசய யந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவு. பஸ் நேரங்களைத் திருத்த ஒரு காகிதமும் பென்சிலும், கொஞ்சம் மனமும் போதும். காகிதமும் பென்சிலும் ஒவ்வொரு ஆபீஸிலும் இருக்கின்றன.

விமானம் வெல்லும் இடம்

நாம் ஆகாய விமானத்துக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். எந்தச் சாதனத்துக்கும் அதற்குரிய தூரம் ஒன்று உண்டு. அதை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நமது வாதம். மதுரைக்கும் டில்லிக்கும் நேர்கோட்டில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஒன்றரை நாளுக்கும் அதிகம். விமானத்தில் பறக்கும் நேரம் மூன்று மணி சொச்சம். இங்கே தரையில் நான்கு மணி வீணானாலும் ஒரு நாளுக்கு மேல் லாபம். கடல் குறுக்கிட்டாலோ கேட்கவே வேண்டாம். 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் தொடங்கியபோது, தென் ஜில்லாக்காரர்கள் வெளிநாடு செல்வதற்கென்றே சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்த அலைச்சலில் ஒரு பங்கு குறைந்தது. வளைகுடா நாடுகளிலும் மலேயா, சிங்கப்பூரிலும் உழைக்கும் தென்பாண்டி நாட்டு மக்களுக்கு மதுரையிலிருந்து நேரான விமானங்கள் கிடைப்பது ஆடம்பரமன்று, அவசியம்.

குறைந்த தூரத்தில்தான் விமானத்தின் சாயம் வெளுக்கிறது. சிறிய ஊர்களையும் ஆகாய வழியால் இணைப்போம் என்று மத்திய சர்க்கார் வகுத்த உடான் திட்டத்தின்கீழ், 2018 மார்ச்சில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் விடப்பட்டது. 2021-இல் அது நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடியும் சேலத்துக்கு விமானங்கள் வந்தன. நல்ல சாலையும் நல்ல ரயிலும் உள்ள 340 கிலோமீட்டர் வழியில் விமானம் தன் காலில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. முந்நூறு கிலோமீட்டர் வரையில் சாலையும் பகல் ரயிலும்; அறுநூறு வரையில் இரவு ரயில்; அதற்கு மேலும் கடலுக்கு அப்பாலும் விமானம். நம் நாட்டு நிலைமைக்கு இதுவே பொருத்தமான பொதுவிதி என்று கருதுகிறோம். அவசரக்காரருக்கும் செல்வருக்கும் விலக்குகள் இருக்கலாம். விலக்கே விதியாகி, பொதுப்பணம் விலக்கின் பின்னே ஓடலாகாது.

விஷம் ஏறும் வேகம்

இவையெல்லாம் பட்டணம் போவோரின் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு. தூரம் என்பது உயிர் விஷயமாகும் இடம் ஒன்று இருக்கிறது.

மலையடிவாரத்தில் வயலும் தோப்புமாக உள்ள ஊரில் பாம்புக்கடி அபூர்வமன்று. வரப்பில் இரவு தண்ணீர் பாய்ச்சப் போன குடியானவனைப் பாம்பு தீண்டினால், அவனுக்குச் சென்னை 465 கிலோமீட்டரா 530 கிலோமீட்டரா என்பதில் என்ன இருக்கிறது? மருந்து இருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம் என்பதொன்றே கேள்வி. பிரசவ வேதனையில் ரத்தம் போகும் தாய்க்கும் அதே கேள்விதான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் அதே கேள்விதான். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓடத் தொடங்கியது இத்துறையில் பெரிய காரியம். 2022 ஜனவரியில் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் பெரிய காரியம். மதுரைக்கு ஓட வேண்டியிருந்த பல நோயாளிகளுக்கு ஜில்லாவுக்குள்ளேயே பெரிய வைத்தியம் கிடைக்க அது வழி செய்தது.

ஆயினும் கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலான அந்த இருபது சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறதே, அதுதான் பல பேருடைய தலைவிதியை நிர்ணயிக்கிறது. அச்சாலையில் ஒரு பள்ளம் என்றால் ஒரு நிமிஷம். விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வண்டிகளை இருபுறமும் நிறுத்தி வழியை அடைத்தால் பத்து நிமிஷம். இரத்தம் கட்டாமல் ஓடும்போது பத்து நிமிஷம் என்பது எவ்வளவு தூரம் என்பதை எந்தப் படத்திலும் குறித்திருக்க மாட்டார்கள். புகழ் தேடி வந்ததில் கூமாப்பட்டி மகிழட்டும், நாமும் மகிழ்கிறோம். ஆனால் வருகிறவர்களுக்கு வழி அகலப்படுவதற்குள், இருக்கிறவர்களுக்கு இருந்த வழியும் அடைபட்டுவிடாதபடி பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் பொறுப்பு, வருகிறவர்களின் பொறுப்பும்கூட.

ஊரை நோக்கி வந்த ஸ்தாபனங்கள்

தூரத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனிதனை வேகமாகக் கொண்டுபோவது. மற்றொன்று, அவன் தேடிப்போகும் பொருளை அவனுக்குக் கிட்டத்தில் கொண்டுவருவது. முதல் வழிக்கு விழா உண்டு, கொடியசைப்பு உண்டு. இரண்டாவது வழியை ஜனங்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் கூமாப்பட்டியின் தூரத்தை உண்மையில் குறைத்தது அதுவே.

பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் கதை விசித்திரமானது. பெயர் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ ஜில்லாவின் எல்லைக்கு வெளியே மதுரையில்! பட்டாவில் ஒரு திருத்தம் வேண்டுமானாலும் பெரிய அதிகாரியைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். 1985-இல் அந்த ஜில்லாவைப் பிரித்து விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு இந்த ஜில்லாவை அமைத்தார்கள். ஜில்லா நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கூமாப்பட்டிக்காரர் சாட்சி சொல்லிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.

ஹைக்கோர்ட்டு விஷயம் இன்னும் முக்கியமானது. 2004-ஆம் வருஷம் ஜூலை வரையில், இந்த ஜில்லாவின் ஏழைக் கட்சிக்காரன் அப்பீல் செய்தால் அவன் வழக்கு சென்னைக்குப் போய்விடும். வழக்கோடு அவனும் போக வேண்டும். ஒரு வாய்தாவுக்கு இரண்டு இரவுகள், ஒரு பகல். தங்க இடம், சாப்பாட்டுச் செலவு, இழந்த கூலி. வாய்தா தள்ளிப்போடப்பட்டால் மறுபடியும் அத்தனையும். நியாயம் கிடைக்குமா என்ற கேள்விக்கு முன்னால், நியாயம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வி நின்றது. சட்டத் தொழிலின் வாசலைத் தாண்டி வந்தவர்கள் என்ற முறையில் நாம் சொல்லுகிறோம்: தூரத்தினாலேயே கைவிடப்பட்ட நியாயங்கள் எத்தனையோ. 2004 ஜூலை 24-இல் மதுரையில் ஹைக்கோர்ட்டுக் கிளை திறக்கப்பட்டது. தென் ஜில்லாக்களின் கட்சிக்காரர்களுக்குச் சென்னையே மதுரைக்கு வந்துவிட்டது. ஒரு விமானமும் பறக்கவில்லை. ஒரு சாலையும் புதிதாகப் போடவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் நூறுக்குள் சுருங்கிற்று.

இத்தத்துவத்தை இந்த ஜில்லாவின் மண்ணில் பிறந்த தலைவர் ஒருவர் முன்னமே காரியத்தில் காட்டியிருக்கிறார். விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954-இலிருந்து 1963 வரையில் முதல் மந்திரியாக இருந்தபோது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோக யோசிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனார். அங்கே மதிய உணவும் போட்டார். அன்று அவர் அழித்த தூரத்தை எந்த நெடுஞ்சாலையும் அழித்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரையில் சுமார் 71 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டதை நாம் வரவேற்கிறோம். கொல்லம் வரையில் செல்லும் அந்த முக்கியச் சாலைக்கு அது தேவைதான். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. அதனால் கிருஷ்ணன்கோவிலுக்கும் திருமங்கலத்துக்கும் உள்ள நேரம் குறையும். கூமாப்பட்டிக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் உள்ள நேரம் குறையாது. பெருஞ்சாலை ஆறு என்றால் கிராமச் சாலை வாய்க்கால். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வயல் காயும்.

1997-இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தபோது, பெரிய பஸ் எட்டிப் பாராத ஊர்களுக்கு முதன்முதலாக வண்டி சென்றது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டபோது, கூலிவேலைக்குப் போகும் பெண்களுக்குப் பணத்தால் இருந்த தூரம் நீங்கிற்று. 2025 ஜூனில் விரிவுபடுத்தப்பட்ட புதிய மினி பஸ் திட்டமும் தொடங்கப்பட்டிருக்கிறது. இவை சரியான திசையில் வைத்த அடிகள். இவற்றோடு இன்னும் சில சேர வேண்டும்.

முதலாவதாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும் ரயில்களின் நேரத்தை ஒட்டி வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கத்துப் பஸ்களின் நேரம் அமைய வேண்டும். விடியற்காலையில் ரயிலிலிருந்து இறங்குபவர் பத்து மணி நேரத்தில் ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து வந்து, கடைசி இருபது கிலோமீட்டருக்காக ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடப்பது நிர்வாகத்துக்கு அழகன்று. இரண்டாவதாக, திருமங்கலத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு விமான நேரங்களை அனுசரித்துப் பஸ்கள் வேண்டும். தெற்கிலிருந்து வருபவர் மதுரை நகருக்குள் நுழைந்து திரும்பும் வீண் அலைச்சல் தீரும். மூன்றாவதாக, இரவிலும் ஆம்புலன்ஸ் விரைந்து வரும்படி மலையடிவாரச் சாலைகளைச் செப்பனிட்டு, விழாக் காலங்களிலும் விடுமுறை நாட்களிலும் வண்டிகள் நிறுத்தத் தனி இடம் ஒதுக்க வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நேரப் பட்டியல் தயாரித்து வெளியிட வேண்டும்: ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், உயர்நிலைப் பள்ளிக்கு எத்தனை நிமிஷம், தாலுகா ஆபீஸுக்கு எத்தனை, ரயிலுக்கு எத்தனை என்று. சொந்த மோட்டார் வைத்திருப்பவனின் கணக்காக இல்லாமல், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் கணக்காக அது இருக்க வேண்டும்.

இப்பட்டியல் ஒன்று வெளிவந்துவிட்டால் போதும். தேர்தலில் வோட்டுக் கேட்க வருபவரிடம் ஜனங்கள் கேட்கவேண்டிய கேள்வி தெளிவாகிவிடும். எத்தனை கிலோமீட்டர் சாலை போட்டீர்கள் என்று கேட்டால் அவர் அளந்து காட்டிவிடுவார். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ள நேரம் ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை நிமிஷம், இன்று எத்தனை நிமிஷம் என்று கேட்டால், அதற்கு ஒரே ஒரு நேர்மையான விடைதான் இருக்க முடியும். அரசியல் ஊழியர்கள் கிராமந்தோறும் இக்கேள்வியைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கூமாப்பட்டிக்கு வாருங்கள் என்று அவ்வூர் இளைஞர் அழைத்தார். நாடே காது கொடுத்துக் கேட்டது. அந்த ஊரிலிருந்து நள்ளிரவில் உதவிக்காக எழும் குரலும் அவ்வாறே கேட்க வேண்டும். கேட்டவுடன் ஆள் வந்து சேரவும் வேண்டும். தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமமும் தனக்கு வேண்டிய வைத்தியத்துக்கும் கல்விக்கும் நியாயத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாளே, இந்நாட்டில் தூரம் குறைந்த நாள்.